ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கு மேலே

கொடைக்கானலுக்குக் கீழே மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகெவிக்குப் போகும் பாதை சுற்றுலாப் பயணிகளுக்கு நடைபயணப் பாதை. வண்டிச் சாலை இல்லாமலே தலைமுறைகளைக் கழித்த ஊர்க்காரர்களுக்கோ அது டோலிப் பாதை. கம்பில் போர்வையைக் கட்டி, நோயாளியைத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிவந்து சாலையில் சேர்த்தால்தான் 108 ஆம்புலன்ஸ் கிடைக்கும்.

பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்காத பெண்ணுக்கு அவ்வளவு நேரம் இருக்காது.

இந்த இடைவெளிக்கென்றே ஓர் உடை இருக்கிறது. நியோப்ரீன் துணியும் வெல்க்ரோ பட்டைகளும்தான். கணுக்காலில் தொடங்கி வயிறு வரை இறுக்கிச் சுற்றினால், காலிலும் வயிற்றிலும் இருக்கும் ரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் திரும்பும். இது சிகிச்சை அல்ல. மருத்துவமனை சேரும் வரை உயிரைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சூயெல்லன் மில்லர் குழு, எகிப்து, நைஜீரியா மருத்துவர்களோடு சேர்ந்து இதை ஆராய்ந்தது. 2012-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தமிழகத்திலும் பாத்ஃபைண்டர் இன்டர்நேஷனல் அமைப்பு, மெக்ஆர்தர் அறக்கட்டளை நிதியில், அரசோடு இணைந்து இதைக் கொண்டுவந்தது. 108 வண்டிகளிலும் இடம்பிடித்தது.

நல்ல காரியம்தான். ஆனால் வண்டி ஏறாத ஊருக்கு, வண்டிக்குள் இருக்கும் உடையால் என்ன பயன்? டோலி கிளம்பும் இடத்தில், கிராம சுகாதார செவிலியரின் கையில் அது இருக்க வேண்டும்.

தவறாகக் கழற்றினால் ஆபத்து என்று டாக்டர்கள் தயங்குவதில் நியாயம் உண்டு. ரத்தப்போக்கு நின்று, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சீரான பிறகே, கணுக்காலில் தொடங்கி, ஒவ்வொரு பட்டைக்கும் 15 நிமிடம் இடைவெளி விட்டு அவிழ்க்க வேண்டும். ஆனால் அவிழ்க்கும் வேலை கீழே மருத்துவமனையில்தான் நடக்கும். மேலே கற்க வேண்டியது கட்டுவதை மட்டுமே. சாம்பியாவிலும் ஜிம்பாப்வேயிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உடையைக் கட்டி அனுப்பிப் பார்த்தார்கள். 880 பெண்களிடம் நடந்த அந்த ஆய்வு 2013-ல் வெளியானது. இறப்பு குறைந்ததாகத் தெரிந்தாலும், புள்ளியியல்படி உறுதி சொல்ல அந்த எண்ணிக்கை போதவில்லை. அதிர்ச்சி நிலையிலிருந்து பெண்கள் விரைவில் மீண்டது மட்டும் தெளிவு.

மிச்சமிருக்கும் கேள்விக்கு மலைப்பாதையில் விடை தேடலாமே. அதற்கு வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேரலாம்; அப்படிப்பட்ட கூட்டு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1959-லேயே ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு ஆத்தூர் வட்டாரத்தில் சுகாதாரத் திட்டம் நடத்திய காந்திகிராமம் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. இனிப் போடும் ஆய்வு ஒப்பந்தத்தில், சாலையை எட்ட எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதும் அளக்கப்பட வேண்டும். ஆய்வு முடிந்தபின் உடைகள் மலையிலேயே தங்க வேண்டும்.

கூடவே ஒரு பதிவேடும் தேவை. தாயோடு கீழே போன உடை துவைத்து மேலே திரும்பியதா என்று யாராவது கேட்க வேண்டும். மருத்துவமனை அலமாரியிலேயே அது மடங்கிக் கிடந்தால், அடுத்த டோலி வெறும் போர்வையோடுதான் இறங்கும்.