கட்டுத்தறியில் கிறுக்கு பிடித்த மாடும் காணாமல் போன மேய்க்காலும்



திசையன்விளை வட்டாரத்தில் எந்தத் தொழுவத்துக்குப் போனாலும் இப்போது ஒரே புலம்பல்தான். "மாடு மாட்டு மேல ஏறுது." "கறக்க உட்கார்ந்தா எத்துது." "பசு காளை மாதிரி முக்காரம் போடுது, சினைக்கு மட்டும் நிக்க மாட்டேங்குது." "கொடியில கிடக்க சேலையைத் திங்குது, சுவரை நக்குது." பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டால், "தீனி கூடிப்போச்சு, திமிர் பிடிச்சிட்டு, நாலு போடு போடுங்க" என்கிறார். தரகரிடம் கேட்டால், "இது தேறாது, வந்த விலைக்குத் தள்ளிருங்க" என்கிறார். கடன் வாங்கிப் பிடித்த மாடு பாதி விலைக்கு லாரி ஏறி, புளியரை தாண்டிக் கேரளாவுக்குப் போய்விடுகிறது. கடன் மட்டும் நம்ம வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

மாட்டுக்குத் திமிரும் இல்லை, பேயும் பிடிக்கவில்லை. அதற்கு என்ன நேர்ந்தது, அதை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார் என்பதைப் பேசத்தான் இந்தத் துண்டறிக்கை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். மாடு மாட்டின் மேல் ஏறுவதெல்லாம் கோளாறு இல்லை. 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும்போது பசு மற்ற மாட்டின் மேல் தாவும், கத்தும், ஒரு நாளில் அடங்கிவிடும். இதிலும் நம்மில் பலர் ஏமாந்துபோகிறோம். ஏறுகிற மாட்டை இழுத்துக்கொண்டு ஊசி போட ஓடுகிறோம். ஏற விட்டுவிட்டு அசையாமல் நிற்கிறதே, அந்த மாடுதான் சரியான பருவத்தில் இருக்கிறது! காலையில் அப்படி நின்றால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் நின்றால் மறுநாள் காலை.

ஆனால் கணக்கில்லாமல் நாலு நாளைக்கு ஒருதரம் கத்துவது, எப்போது பார்த்தாலும் ஏறுவது, மண்ணைக் காலால் பறிப்பது இதெல்லாம் நோய். சினைப்பையில் நீர்க்கட்டி விழுந்தால் பசு இப்படித்தான் காளைக் குணம் காட்டும். கன்று போட்டபின் பால் அதிகம் கறக்கும் மாட்டுக்கு, கறக்கிற அளவுக்குத் தீனி உடம்பில் ஒட்டாதபோது இது வரும். மருத்துவர் கைவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரும்பாலும் குணமாக்கக் கூடியதுதான். அதற்குள் அடித்து, கயிற்றைக் குட்டையாக்கி, கடைசியில் தரகரிடம் கொடுத்துவிடுகிறோமே!

அமெரிக்காவில் நடப்பதைக் கொஞ்சம் கேளுங்கள். அங்கே கறிக்காகக் காயடித்த இளங்காளைகளை ஆயிரக்கணக்கில் பட்டியில் அடைத்து, தானியத்தைக் கொட்டிக் கொழுக்க வைக்கிறார்கள். அந்தப் பட்டிகளில் ஒரு வினோதம். கூட்டத்தில் ஒரு மாட்டைக் குறிவைத்து மற்ற மாடுகள் மாறி மாறி அதன் மேல் ஏறும். முடி உதிர்ந்து, தோல் உரிந்து, எலும்பு முறிந்து, பிரித்துக் கட்டாவிட்டால் அந்த மாடு செத்தே போகும். காரணம் என்ன? காதுத் தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் குளிகை, பழகாத மாடுகளை ஒன்றாகக் கலப்பது, நெருக்கி அடைப்பது, பட்டிக்குள் எண்ணிக்கை மீறுவது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். 1954-இல் அந்த நாட்டு அரசே அனுமதித்த ஒரு ஹார்மோன் மருந்தை, புற்றுநோய் வரும் என்று 1979-இல் அதே அரசு தடை செய்தது. ஹார்மோன் போட்டு வளர்த்த மாட்டின் கறியே வேண்டாம் என்று ஐரோப்பிய நாடுகள் 1989-இல் கதவைச் சாத்தின.

இங்கே அந்தக் குளிகை இல்லை. ஆனால் மற்றதெல்லாம் நம்ம தொழுவத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதா இல்லையா? ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வழுக்குகிற சிமெண்டுத் தரை, நாலு முழக் கயிறு, சித்திரை வெயில். குளிர் நாட்டு ரத்தம் கலந்த மாடு அதற்குள் நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கிறது. சந்தையில் பிடித்த புது மாட்டைப் பழைய மாட்டுக்கு இடிக்க இடிக்கக் கட்டுகிறோம். முட்டாமல் என்ன செய்யும்?

தீனியைப் பாருங்கள். வெளியே மேயும் மாடு ஒரு நாளில் எட்டு மணி நேரமாவது புல்லைக் கடிக்கும், அதே அளவு நேரம் அசைபோடும். கட்டிப்போட்ட மாட்டுக்கு ஒரு வாளி குழைத்த தீவனமும் ஒரு கைப்பிடி வைக்கோலும். கால் மணி நேரத்தில் தீர்ந்தது! மிச்ச நேரம் வாய்க்கு என்ன வேலை? நாக்கைச் சுழற்றும், தொட்டியைக் கடிக்கும், பக்கத்து மாட்டை நக்கும். நார்த்தீனி குறைந்து மாவும் சோறும் கூடினால் வயிற்றில் அமிலம் ஏறும், குளம்பு வலிக்கும், வலிக்கிற மாடு எத்தும். பொங்கலன்று மிச்சச் சோற்றை ஆசையாக வைத்து மறுநாள் மாட்டைப் புதைத்த வீடுகள் எத்தனை! சேலையும் பிளாஸ்டிக்கும் தின்கிற மாட்டுக்கு மணிச்சத்து போதவில்லை என்று அர்த்தம். தாது உப்புக் கலவை வைக்க வேண்டியதற்குச் சூடு போடுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை மலிவு என்று வாங்கிப் போட்டாலும் வம்புதான். ஒருவகைப் பூஞ்சை நஞ்சு பெண் ஹார்மோன் மாதிரியே வேலை செய்து பருவத்தைக் குழப்பும்.

நம்ம மேலும் தப்பு இருக்கிறது, மறைக்க வேண்டாம். காளைக்கன்று என்றால் பத்தாம் நாளே விற்றுவிட்டு, கன்றில்லாத மாடு பால் சுரக்கவில்லை என்று ஊசி போடுகிறவர்கள் நமக்குள்ளும் உண்டு. பால் சுரக்க வைக்க ஊசி போடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். தினமும் ஊசி குத்துகிறவனைக் கண்டால் மாடு எத்தாமல் முத்தமா கொடுக்கும்?

ஆனால் நாம் ஆசைப்பட்டா மாட்டைக் கட்டிப்போட்டோம்?

நம்ம அப்பா காலத்தில் விடிந்ததும் மாடுகள் மந்தைக்குப் போகும். மேய்க்கால் புறம்போக்கு, குளத்து உள்வாய், அறுத்த வயல், தேரிக்காட்டு ஓரம், பனை நிழல் என்று சுற்றிவிட்டுப் பொழுது சாய வீடு திரும்பும். தீனிச்செலவு அரைக்காசு கிடையாது. இன்றைக்கு அந்த மேய்க்கால் எங்கே? கொஞ்சம் காற்றாலைக்கும் அதற்குப் போகும் பாதைக்கும். கொஞ்சம் கல் ஊன்றிக் கம்பி வேலி போட்டவர்களுக்கு. கொஞ்சம் வீட்டுமனை. மிச்சம் மீதி சீமைக்கருவேலம். காற்றாடி சுற்றட்டும், கரண்டு வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் அடியில் மாடு மேய வழி விடாத வேலிதான் வேண்டாம்.

அதிக பால் என்று சொல்லிக் கலப்பின மாட்டைக் கொடுத்தார்கள். 2011-இல் வருஷத்துக்கு 12,000 விலையில்லாக் கறவை மாடு என்று அரசு திட்டம் போட்டது. மாடு வந்தது, புல் வரவில்லை. மலையோரத்திலும் கதவு அடைபட்டது. 2022 மார்ச்சில் உயர்நீதிமன்றம் முதலில் எல்லாக் காட்டிலும் மேய்ச்சலைத் தடுத்து, சில நாளில் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. களக்காடு முண்டந்துறை அதற்குள் அடக்கம். காட்டைக் காப்பாற்றத்தான் வேண்டும். காட்டுக்குள் போகாதே என்கிறவர்கள் ஊருக்குள் இருந்த மேய்க்காலைத் திருப்பித் தர வேண்டாமா? 2022 நவம்பரில் ஆவின் கொள்முதல் விலை லிட்டருக்கு 32-இல் இருந்து 35 ரூபாய் ஆனது. அந்த மூணு ரூபாயைத் தவிட்டு மூட்டை விழுங்கிவிட்டது. தீனி முழுக்கக் கடையில் வாங்குகிறவனுக்குப் பால் விலை எவ்வளவு ஏறினாலும் காணாது.

சட்டம் நம்ம பக்கம் இல்லாமல் இல்லை. 2011 ஜனவரி 28-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், கிராமப் பொதுநிலங்களை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றி ஊராரிடமே ஒப்படைக்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நிலஆக்கிரமிப்புச் சட்டமோ 1905-லேயே வந்தது. வேலிக்குள்ளே வருஷக்கணக்காக இருக்கிறவனுக்கு நோட்டீஸ் கொடுக்கக் கை வராத தாலுகா ஆபீஸ், வரப்போரம் ஆடு கட்டுகிற ஏழைக்கு மட்டும் உடனே கொடுக்கும்.

நாம் கேட்பது இவ்வளவுதான். ஊர் ஊராக மேய்க்காலை அளந்து கல் நடு. ஆக்கிரமிப்பை எடு. எடுத்த இடத்தில் கொழுக்கட்டைப் புல்லும் வேலிமசாலும் விதைக்க ஊராட்சிக்குப் பணம் கொடு. கால்நடை மருந்தகத்தில் மருத்துவர் பணியிடம் காலியாகக் கிடக்க விடாதே. தாது உப்பைப் பால் சங்கம் வழியாகப் பாதி விலைக்குக் கொடு.

வருகிற கிராம சபைக்கு ஆணும் பெண்ணுமாக வாருங்கள். வருமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், உங்கள் ஊர் 'அ' பதிவேட்டில் மேய்க்கால் என்று எழுதியிருக்கும் சர்வே எண்ணையும் ஏக்கரையும் ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். தீர்மானத்தில் அந்த எண்ணைப் பெயர் சொல்லி எழுத வைப்போம். அதே தாளோடு ஜமாபந்தியில் தாசில்தார் ஆபீஸ் வாசலில் நிற்போம். முடிந்தவர்கள் மாட்டையும் பிடித்துக்கொண்டு வாருங்கள், எத்துகிற மாடாக இருந்தால் ரொம்ப நல்லது.