ஏர் ஹாரனுக்குக் காத்து எங்கிருந்து வருகிறது?

போன மாதம் என் தங்கை மகன் பழைய லாரி ஒன்றை வாங்கி, நாமக்கல்லில் பாடியைப் புதுப்பித்து, நேரே என் வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்துவிட்டான். "எப்படி இருக்குதுங்க மாமா?" என்றான். நன்றாகத்தான் இருந்தது. நெற்றியில் குலதெய்வத்தின் பெயர், பக்கப் பலகையில் தாமரை, சுற்றிலும் கலர் விளக்கு, கூரைமேல் மூன்று குழல் ஏர் ஹாரன். "ஹாரனுக்குக் காத்து எங்கிருந்து எடுத்திருக்காங்க?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. கீழே படுத்துப் பார்த்தால், பிரேக் டேங்கிலிருந்தே ஒரு பிளாஸ்டிக் டியூப் போகிறது.

லாரியை அலங்கரிப்பது தப்பென்று சொல்ல மாட்டேன். நானும் சங்ககிரியில் முப்பது வருஷம் வண்டி வைத்திருந்தவன்தான், ஆயுத பூஜைக்குக் கடன் வாங்கிப் பெயிண்ட் அடித்தவன்தான். ஆனால் காத்து, கரண்ட், பட்டை இந்த மூன்றிலும் அழகுக்காகக் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

காரணம் இருக்கிறது. 1991இல் பெங்களூரிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தேன். என் வண்டியிலும் அப்போது இதே மாதிரி ஹாரன். பாதி இறக்கத்தில் காத்து முள் சரசரவென்று கீழே வருகிறது. பெடலை மிதித்தால் வண்டி பிடிக்கவில்லை. அந்தக் கால வண்டியில், காத்துப் போனால் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் பிரேக் கிடையாது. நான் பிழைத்தது ஒரே காரணத்தால்தான். இரண்டாம் கியரில் இருந்தேன். ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. இறங்கிப் பார்த்தால், ஹாரனுக்குப் போன டியூப் சைலன்சர் சூட்டில் வெடித்திருந்தது. அதை மடக்கிக் கம்பியால் இறுகக் கட்டி, டேங்கில் காத்து ஏறும்வரை காத்திருந்து, பிறகு சேலம் வந்து சேர்ந்தேன்.

டீசல் மிச்சமென்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கியரில் இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், கம்ப்ரசரும் நன்றாகக் காத்து அடிக்கும். நியூட்ரலில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், காத்து குறைவாக ஏறும், ஆனால் உங்கள் கால் பெடலை விடாமல் மிதித்துக்கொண்டே இருக்கும். டிரம் சூடேறி லைனிங்கும் வழுக்கும். எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்று நான் கிளீனராக இருந்தபோது என் டிரைவர் அண்ணன் சொல்லிக்கொடுத்தார். அதற்கு மேல் ஒரு பாடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

காலையில் ஏர் டேங்க் அடியில் இருக்கும் குமிழைத் திறந்து விடுங்கள். தண்ணீர் வந்தால் சாதாரணம். எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரசர் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், பட்டறைக்குப் போங்கள். செலவில்லாத வேலை, அரை நிமிஷம்.

கரண்ட் விஷயம். லாரியில் இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். ஃபேனுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் 12 வோல்ட் வேண்டுமென்று ஒரே பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துவிடுகிறார்கள். அந்த ஒன்று மட்டும் சீக்கிரம் சாகும், மற்றதையும் கெடுக்கும். 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் பெட்டி கடையில் கிடைக்கிறது, வாங்கி மாட்டுங்கள். கலர் விளக்குக்கு ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் போதாது, தனி ஃபியூஸ் வேண்டும். கேபின் தீப்பிடித்த வண்டியைப் பார்த்தவனுக்குத்தான் அது புரியும்.

பட்டை கூட்டுவது இன்னொரு ஆசை. கூடுதல் லோடு ஏற்றலாமாம். ஸ்பிரிங் தாங்கும், சரி. அச்சும் டயரும் பிரேக்கும் பழையதுதானே? உடைவது வேறு இடத்தில் உடையும். பட்டையைக் கழற்றி மாட்டினால், லோடோடு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு யூ கிளாம்ப் நட்டை மறுபடி முடுக்க வேண்டும். சக்கர நட்டுக்கும் அப்படியே. ஸ்டெப்னி மாற்றிய ஐம்பது, நூறு கிலோமீட்டரில் நிறுத்தி ஸ்பேனர் போடாதவனை நான் டிரைவர் என்றே சொல்ல மாட்டேன்.

சட்டமும் இருக்கிறது. பல சுரத்தில் அலறும் ஹாரனை 1989ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதிகளே தடை செய்கின்றன. ரோட்டில் யார் கேட்கிறார்கள் என்பது வேறு கதை.

இத்தனையும் சொன்னேன். மருமகன் தலையை ஆட்டிக் கேட்டான், விளக்குக்கு ஃபியூஸ் போட்டுவிட்டேன் என்று போனில் சொன்னான். ஹாரனைக் கழற்றினானா என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துவிடும்.