பழக்கம் வேறு, விளக்கம் வேறு

வீட்டில் யாராவது புதுப் பாஷை ஒன்று கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றால் போதும், செலவுக் கணக்கு முன்னால் வந்து நிற்கிறது. "வாத்தியார் வைக்கலாமா? வகுப்பில் சேர்க்கலாமா? புத்தகம் வாங்கிக் கொடுத்தால் போதாதா?" கடைசியில் ஏதோ ஒன்றில் பணம் முழுவதையும் போட்டுவிடுகிறோம். மூன்று மாதம் கழித்து, "பணம் போனதுதான் மிச்சம்" என்கிறோம்.

சகோதரிகளே, இந்த விஷயத்தில் நமக்கு வழி காட்டக் கூடியவர் ஒருவர் உண்டு. 1706-ம் வருஷம் ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பி வந்தவர். தமிழ் தெரியாது. அகராதியும் இலக்கணமும் கடையில் கிடைக்கிற காலமும் அல்ல.

அவர் என்ன செய்தார் தெரியுமா? வயதான வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொன்னார். குழந்தைகளோடு குழந்தையாக உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். காகிதம் வேண்டாம், மை வேண்டாம். தப்பினால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம்.

எழுத்து வந்தது, அர்த்தம் வரவில்லை. இங்கேதான் அவர் முடிச்சை அவிழ்த்தார். ஐரோப்பிய பாஷைகள் அறிந்த அழகப்பன் என்ற துபாஷியைச் சம்பளத்துக்கு அமர்த்திக் கொண்டார். பிறகு ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடி வாசித்தார். 1708-லேயே அச்சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். 1715-ல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது.

1789-ல் சென்னை அநாதைப் பள்ளிப் பொறுப்பை ஏற்ற டாக்டர் ஆண்ட்ரூ பெல்லும் நம் மணல் எழுத்தைக் கண்டு மகிழ்ந்தார். எட்டு வயதுப் பையனைச் சட்டாம்பிள்ளையாக்கி, சிறுவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். இந்த 'மதராஸ் முறை' இங்கிலாந்து வரை பரவியது. ஆனால் பொருளை விளக்க எட்டு வயதுப் பையன் போதுமா? அந்த முறையின் குறையும் அதுதான்.

ஆகவே, பழக்கத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள், விளக்கத்துக்குக் கொடுங்கள். ஹிந்தியானால், எழுத்துக்களை அக்காவே தங்கைக்குச் சிலேட்டில் சொல்லித் தரட்டும். எழுத்து கைக்கு வந்த பிறகு, புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வாரத்துக்கு இரண்டு நாள் டீச்சர் வரட்டும். மற்ற நாட்களில் நூலகத்துக் கதைப் புத்தகங்களை உரக்க வாசிக்கட்டும்.

செலவைக் குறைக்க வேண்டும் என்றால், பல வீடுகளில் முதலில் நிறுத்துவது பெண்ணின் படிப்பைத்தான். நிறுத்துகிற முன், டீச்சர் வருகிற நாட்களைக் குறைத்துப் பாருங்கள். படிப்பு நிற்காது.