வட்டியில் கழியும் பத்து வீதம்

"எனக்கேது வருமான வரி?" என்று கேட்கும் சகோதரிகளே, உங்கள் வங்கிப் புத்தகத்தைச் சற்று எடுத்துப் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் வங்கி 10 வீதத்தை வரியாகக் கழிக்கிறது; முன்னர் இது 5 வீதம். கணவரை இழந்த ஒருவர் 10 இலட்சம் ரூபாவை நிலையான வைப்பில் இட்டு, வட்டி 8 வீதமானால் ஆண்டுக்கு 80,000 ரூபா கிடைக்கும். அதில் 8,000 ரூபா கழிந்துவிடும். பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்துச் செலவல்லவா அது!

ஆனால், ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர் வருமான வரி செலுத்தத் தேவையே இல்லை. (சவர்க்காரம் வாங்கும்போது கொடுக்கும் 18 வீத வற் வரியில் இந்தச் சலுகை கிடையாது.) இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் பெற்று, சுய பிரகடனப் படிவத்தை வங்கியில் கையளியுங்கள், கழிக்க மாட்டார்கள். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திராமல் படிவத்தை நீங்களே கேளுங்கள். ஏப்ரலில் புதிய வரி ஆண்டு தொடங்கும்போது மீண்டும் கொடுக்க வேண்டும்.