ஒலுவிலா, கொழும்பா?

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும், மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களில் வர்த்தகப் பிரிவு மாணவர்களின் வீடுகளில் ஒரே விவாதம் எழுகின்றது. முகாமைத்துவப் பட்டத்தை ஒலுவிலில் பயில்வதா, கொழும்புக்கோ ஸ்ரீ ஜயவர்தனபுரவுக்கோ செல்வதா, இடம் கிடைக்காவிடின் தனியார் நிறுவனமொன்றில் பணம் கட்டிச் சேருவதா என்பதே அது. ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடக்கூடிய இத்தீர்மானம் அயலவரின் அபிப்பிராயத்தையும் சந்திச் சுவரொட்டிகளையும் நம்பி எடுக்கப்படுவது கவலைக்குரியதாகும்.

யுத்தச் சூழலில் யாழ்ப்பாணத்துக்கும் வந்தாறுமூலைக்கும் செல்ல முடியாதிருந்த முஸ்லிம் மாணவர்களுக்காக, மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக உருவாகி, 1996இல் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்ததே தென்கிழக்குப் பல்கலைக்கழகம். இன்று அங்கே சிங்கள மாணவர்களும் பெருமளவில் பயில்கின்றனர். எனினும் உள்ளூர் மாடு உள்ளூரில் விலைபோகாது என்பதுபோல, அதனை இரண்டாம் பட்சமாகக் கருதும் மனோபாவம் எம்மவரிடையேதான் அதிகம் காணப்படுகின்றது. தூர இடங்களுக்கு அனுப்பப்பட்டிருக்கவே மாட்டாத எத்தனை பெண்பிள்ளைகள் ஒலுவிலினால் பட்டதாரிகளானார்கள் என்பதை இவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

அதேவேளை, கொழும்புக்குப் போதுமான இஸட் புள்ளி பெற்ற மகளின் விண்ணப்பத்திலும் வீட்டார் ஒலுவிலையே முதலாம் விருப்பமாக எழுதிவிடுவதை நாம் ஏற்பதற்கில்லை. விருப்ப ஒழுங்கே இடத்தைத் தீர்மானிக்கின்றது. வர்த்தகத் துறை அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது. அம்பாறை இம்மூன்றாவது பட்டியலிலும் உள்ளது. தலைநகரப் பல்கலைக்கழகங்களிலும் இதே ஒதுக்கீடு உண்டென்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

கொழும்பின் அனுகூலம் விரிவுரை மண்டபத்தில் மாத்திரம் இல்லை. வங்கிகளும் கணக்காய்வு நிறுவனங்களும் பேருந்துத் தூரத்தில் உள்ளன. பட்டப்படிப்புடன் பட்டயக் கணக்காளர் பரீட்சைகளுக்கும் தோற்றி, பயிற்சியையும் அங்கேயே பெற்றுவிட முடிகின்றது. ஒலுவில் மாணவர் இதற்காகப் பெட்டிகட்டிப் புறப்பட வேண்டும். மறுபுறம், எங்கு சென்றாலும் ஆங்கிலம் காத்திருக்கின்றது. பதின்மூன்றாண்டுகள் தமிழில் கற்ற பிள்ளை முதலாம் வருடத்தில் தடுமாறுவது ஒலுவிலிலும் நிகழ்கின்றது, கொழும்பிலும் நிகழ்கின்றது. பரீட்சைக்கும் அனுமதிக்கும் இடையில் வீணாகக் கழியும் நீண்ட மாதங்களை ஆங்கிலத்துக்கும் கணக்கியல் தொழினுட்பவியலாளர் பரீட்சைக்கும் பயன்படுத்துவோர் மிகச் சிலரே.

தனியார் நிறுவனங்களை நாடுவோர், பட்டத்தை வழங்குவது யார் என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும். உள்நாட்டுப் பட்டமாயின், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் அந்நிறுவனம் பட்டம் வழங்கும் அங்கீகாரம் பெற்றுள்ளதா என்பது முக்கியம். வெளிநாட்டுப் பட்டமாயின், குறித்த பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. கட்டணத்தின் ஒரு பகுதியைப் பவுணில் செலுத்த ஒப்புக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அதன் பொருள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வளைகுடாவில் உழைக்கும் தகப்பனின் பணமாயினும் காணி விற்ற பணமாயினும் இவ்விசாரணை தவிர்க்க முடியாதது. வசதி குறைந்தோருக்குச் சம்மாந்துறை உயர் தொழினுட்ப நிறுவகம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதையும் மறந்துவிடலாகாது.

பட்டம் பெற்றதும் அரச நியமனம் கிடைக்கும் என்ற கணக்கு இனிச் சரிவராது. 2020இல் பல்லாயிரம் பட்டதாரிகளை ஒரேயடியாக உள்வாங்கிய அரசாங்கம், இரண்டே ஆண்டுகளில் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத நிலையை அடைந்தது. மருதமுனையின் கைத்தறி, சம்மாந்துறையின் அரிசி ஆலைகள், கல்முனைக் கடைத்தெரு ஆகியவற்றில் முகாமைத்துவப் பட்டதாரிக்கு வேலை இல்லாமலில்லை. ஆனால் பல முதலாளிமார் இன்னமும் கணக்குக் கொப்பியை மச்சானிடமே கொடுத்து வைத்துள்ளனர். இறுதியாண்டு மாணவர்களை இவ்வியாபார நிலையங்களில் ஆறு மாதங்களேனும் அமர்த்துவதற்கு, ஒலுவில் முகாமைத்துவ, வர்த்தக பீடமும் உள்ளூர் வர்த்தக சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேச வேண்டும்.