கடைசி வீட்டுக்கு எப்போது கரண்ட் வரும்?



எங்கள் நாரணாபுரத்தில் ஐப்பசி மாதம் இடி இடித்து மழை பெய்தால் போதும், கரண்ட் போய்விடும். உடனே தெரு முழுக்க "ஓ" என்று ஒரு சத்தம் கேட்கும். உங்களைப் போன்ற பிள்ளைகள்தான் அந்தச் சத்தத்தைப் போடுவார்கள். அரை மணி கழித்து விளக்கு எரிந்ததும் இன்னொரு "ஓ" கேட்கும். முதல் "ஓ" வருத்தத்தில் வருவது, இரண்டாவது சந்தோஷத்தில் வருவது. நாற்பது வருடமாக இந்த இரண்டு சத்தங்களையும் கேட்டு வருகிறேன்.

எங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் பகல் வெளிச்சத்தில்தான் வேலை நடக்கும். அதனால் கரண்ட் போனாலும் அந்த வேலை பெரிதாக நிற்காது. ஆனால் சிவகாசியின் ஆப்செட் அச்சகங்கள் நின்றுவிடும். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் நின்றுவிடும்.

சரி, ஒரு கேள்வி. அந்த இரண்டாவது "ஓ" கேட்க அரை மணி நேரம் அல்ல, 11 மாதம் காத்திருக்க வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்?

கதை சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படி நடந்திருக்கிறது.

இருட்டில் ஒரு தீவு

அமெரிக்காவைச் சேர்ந்த போர்ட்டோ ரிக்கோ என்ற தீவு கரீபியன் கடலில் இருக்கிறது. 2017 செப்டம்பர் 20 அன்று 'மரியா' என்ற புயல் அதைத் தாக்கியது. நாம் சைக்ளோன் என்று சொல்வதை அட்லாண்டிக் பக்கம் ஹரிகேன் என்பார்கள். சுமார் 33 லட்சம் பேர் வாழ்ந்த அந்தத் தீவு முழுவதும் இருண்டுபோனது. அநேகமாக எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் திரும்பி வர, 2018 ஆகஸ்ட் மாதம் ஆகிவிட்டது.

2025-லும் ஒரே மாத இடைவெளியில் இரண்டு தீவுகள் அடி வாங்கின. அக்டோபர் 28 அன்று 'மெலிசா' புயல் ஜமைக்காவைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 295 கிலோமீட்டர்! 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் அறுந்தன. சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 28 அன்று, நம் பக்கத்து நாடான இலங்கையின் கிழக்குக் கரையை 'டித்வா' புயல் தொட்டது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நாட்டின் மூன்றில் ஒரு பங்குக்கு மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாமல் போயிற்று.

'டித்வா' என்ற பெயரை வைத்தது யேமன் நாடு. அது சொகோட்ரா என்ற தீவில் உள்ள ஒரு கடற்கழியின் பெயர். ஒரு தீவின் கடற்கழியின் பெயரைத் தாங்கிய புயல் இன்னொரு தீவை இருட்டாக்கிவிட்டது, பார்த்தீர்களா?

சரவெடியும் கயிற்றுக் கட்டிலும்

தீவில் கரண்ட் போனால் திரும்ப வர ஏன் இத்தனை நாள் ஆகிறது? முதலில் கரண்ட் நம் வீட்டுக்கு வரும் வழியைப் பார்ப்போம்.

மின் நிலையத்தில் தயாராகும் மின்சாரம், பெரிய இரும்புக் கோபுரங்களில் தொங்கும் கம்பிகள் வழியாகத் துணை மின் நிலையத்துக்கு வருகிறது. அங்கிருந்து ஊருக்குள் வந்து, தெருமுனை டிரான்ஸ்பார்மரில் அழுத்தம் குறைந்து, கம்பம் கம்பமாகக் கடந்து உங்கள் வீட்டு மீட்டருக்கு வருகிறது.

சரவெடி கொளுத்தியிருப்பீர்கள். நடுவில் திரி அறுந்திருந்தால் என்ன ஆகும்? அதற்கு முன்னால் உள்ள வெடிகள் வெடிக்கும், பின்னால் உள்ளவை சும்மா கிடக்கும். நம் தெருவுக்கு வரும் மின்பாதை பெரும்பாலும் இந்தச் சரவெடி போலத்தான். நடுவில் ஒரு கம்பம் சாய்ந்தால், அதற்கு அப்பால் உள்ள வீடுகள் எல்லாம் இருட்டுதான்.

ஆனால் நாடு முழுவதற்குமான பெரிய மின்பாதைகள் கயிற்றுக் கட்டில் போன்றவை. ஒரு கயிறு அறுந்தாலும் மற்றக் கயிறுகள் ஆளைத் தாங்கும். 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்திய மின்கட்டமைப்பும் வடக்கோடு இணைக்கப்பட்டு, இந்தியா முழுவதும் ஒரே பெரிய கட்டிலாகிவிட்டது. இங்கே குறைந்தால் வேறு மாநிலத்திலிருந்து வாங்கலாம்.

தீவுக்கு அந்த வசதி கிடையாது. அதன் கட்டில் சின்னது, பக்கத்தில் கடன் கேட்க ஆளும் இல்லை. கண்மாயில் ஒரு குடம் தண்ணீர் எடுத்தால் யாருக்கும் தெரியாது. குடத்திலிருந்து ஒரு செம்பு எடுத்தால் உடனே தெரியும், இல்லையா? 2025 பிப்ரவரி 9 அன்று இலங்கையில் பாணந்துறை என்ற ஊரின் துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு டிரான்ஸ்பார்மரைத் தொட்டுவிட்டது என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். நாடு முழுவதும் கரண்ட் போய்விட்டது! நுரைச்சோலை அனல் மின் நிலையமும் நின்றுபோனதால், அடுத்து வந்த நாட்களிலும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு இருந்தது. ஒரு குரங்குக்கே இந்தப் பாடு என்றால், புயலுக்கு எப்படி இருக்கும்?

இன்னொரு வேடிக்கை உண்டு. நின்றுபோன மின் நிலையத்தைத் திரும்ப ஓட்டவே மின்சாரம் வேண்டும்! அங்குள்ள பம்புகளும் விசிறிகளும் கரண்ட்டில்தான் ஓடுகின்றன. பக்கத்து நாட்டிலிருந்து கரண்ட் வராத தீவு என்ன செய்யும்? பெரும்பாலும் அணைகளில் உள்ள நீர்மின் நிலையங்களை முதலில் ஓட்டுவார்கள். மதகைத் திறந்தால் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும். தொடங்குவதற்குக் கொஞ்சம் மின்சாரமே போதும். அந்தக் கரண்ட்டை வைத்து அடுத்த நிலையம், அதை வைத்து அதற்கடுத்தது. கார்த்திகைக்கு ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கு ஏற்றுவது போலத்தான்.

கம்பம் வர வழி வேண்டும்

கம்பிகள் அறுந்துவிட்டால் புதுக் கம்பமும் கம்பியும் ஆட்களும் வந்தாக வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை 'கஜா' புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அப்போது தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்து மின்வாரியத் தொழிலாளர்கள் பஸ்ஸிலும் லாரியிலும் டெல்டாவுக்குப் போனார்கள். கேரளத்திலிருந்தும் வந்தார்கள். மழையில் நனைந்து, சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியும் பல ஊர்களில் வெளிச்சம் வர வாரக்கணக்கில் ஆயிற்று.

சாலை இருக்கும்போதே இப்படி. தீவுக்கு ஒவ்வொரு கம்பமும் கப்பலேறி வர வேண்டும். நம் ராமேஸ்வரமும் தீவுதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பன் ரயில் பாலமும் உடைந்தது. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அதைச் சரிசெய்தார்கள். இன்றும் அதைப் பெருமையாகப் பேசுகிறோம். ஏன்? தீவுக்கு முதல் தேவை வழி. வழி இருந்தால்தான் மற்றதெல்லாம் வரும்.

கடல் மட்டுமா காரணம்?

இங்கே கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். அதே 2017 செப்டம்பரில் 'இர்மா' என்ற புயல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைத் தாக்கி 60 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளை அறுத்தது. பெரும்பாலான வீடுகளுக்குச் சுமார் 10 நாட்களில் கரண்ட் வந்துவிட்டது. பிற மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான வண்டிகள் சாலை வழியாகவே வந்து நின்றன.

"அப்படியானால் கடல்தான் குற்றவாளி" என்று சொல்லத் தோன்றும். பாதிதான் சரி. மரியா புயல் இர்மாவைவிடக் கடுமையாக அந்தத் தீவைத் தாக்கியது உண்மை. ஆனால் போர்ட்டோ ரிக்கோவின் மின் நிறுவனம் புயலுக்கு முன்பே பெரும் கடனில் மூழ்கியிருந்தது. கம்பங்களும் கம்பிகளும் பழசு. மரக்கிளைகளை ஒழுங்காக வெட்டவில்லை. பெரிய மின் நிலையங்கள் தெற்கே, மக்கள் அதிகம் வாழ்வதோ வடக்கே. இடையில் மலை! மலையேறி வந்த கம்பிகளும் அறுந்தன. மற்ற மாநில மின் நிறுவனங்களின் உதவியை முறைப்படி கேட்கவும் ஒரு மாதத்துக்கு மேல் தாமதமானது. புயல் ஒரு நாளில் அடித்தது. ஆனால் வீடு பல வருடமாகவே பலவீனமாக இருந்தது.

அதற்குக் கொடுத்த விலை என்ன தெரியுமா? அடுத்த ஆறு மாதங்களில் வழக்கத்தைவிட 2,975 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று அங்குள்ள அரசு ஏற்றுக்கொண்ட ஆய்வு சொல்கிறது. கரண்ட் இல்லையென்றால் டயாலிசிஸ் இயந்திரம் ஓடாது. இன்சுலின் மருந்து வைக்கும் பிரிட்ஜ் ஓடாது. நல்ல தண்ணீர் வராது. கரண்ட் என்பது டிவி பார்க்க மட்டும் அல்ல, கண்ணுகளா!

யாருக்கு முதலில்?

நீங்கள்தான் மின்வாரிய அதிகாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது ஒரே ஒரு குழு. ஒரு பாதையைச் சரிசெய்தால் ஒரே நாளில் 1,000 வீடுகளுக்கு வெளிச்சம் வரும். இன்னொரு பாதையைச் சரிசெய்தால் மலைமேல் உள்ள 5 வீடுகளுக்கு மட்டும் வரும். எதை முதலில் செய்வீர்கள்?

உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே வரிசைதான். முதலில் மின் நிலையமும் பெரிய பாதைகளும். பிறகு ஆஸ்பத்திரி, குடிநீர். பிறகு அதிக வீடுகள் உள்ள பாதை. கடைசியில் தனித்தனி வீடுகள். இதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் கவனித்தீர்களா? ஒவ்வொரு புயலிலும் அந்தக் கடைசி வீடு அதே வீடாகத்தான் இருக்கிறது. பெரும்பாலும் அது ஒரு ஏழையின் வீடு.

நான் வாத்தியாராக இருந்தபோது இலவச நோட்டுப் புத்தகங்களை முதல் பெஞ்சிலிருந்து கொடுத்துக்கொண்டு போவேன். ஒரு வருடம் கடைசி பெஞ்சுக்கு வந்தபோது நோட்டு தீர்ந்துவிட்டது. ஒரு பையன் ஒன்றுமே சொல்லாமல் என்னைப் பார்த்தான். மறுவருடம் கடைசி பெஞ்சிலிருந்து தொடங்கினேன். ஆனால் கரண்ட்டை அப்படிக் கடைசியிலிருந்து தொடங்க முடியாது. அது சரவெடித் திரி போல முன்னாலிருந்துதான் வந்தாக வேண்டும்.

அப்படியானால் வேறு என்ன செய்யலாம்? கடைசி வீட்டுக்கு அதற்கென்று ஒரு சொந்த விளக்கைக் கொடுக்கலாம்!

போர்ட்டோ ரிக்கோவின் மலையூர் ஒன்றில் 'காசா புவெப்லோ' என்ற மக்கள் அமைப்பு தன் கட்டடத்தின்மேல் சோலார் பலகைகளை வைத்திருந்தது. தீவே இருண்டபோதும் அங்கே வெளிச்சம் இருந்தது. மக்கள் அங்கே வந்து கைபேசிக்கு சார்ஜ் ஏற்றினார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு அருகே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்று மூன்று தீவுகள் உண்டு. நம்மைப் போலத் தமிழ் பேசும் மக்கள் வாழ்பவை. இலங்கையின் பெரிய மின்கட்டமைப்போடு சேராமல், டீசல் ஜெனரேட்டரை நம்பி இருந்தவை. அங்கே வெயில், காற்று, பேட்டரி, டீசல் நான்கையும் சேர்த்து மின்சாரம் தர, இந்தியாவின் சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர் உதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. வெயில் மின்சாரம் 1,700 கிலோவாட், காற்று மின்சாரம் 530 கிலோவாட் என்பது திட்டம். டீசல் கப்பல் வராவிட்டாலும் சூரியன் வரும் அல்லவா?

இதிலும் குறை உண்டு. கடுங்காற்றில் சோலார் பலகையும் பறக்கும், அதை உறுதியாக முடுக்க வேண்டும். பேட்டரியின் விலையும் அதிகம். கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்கலாம். நம் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பகுதிகளில் அந்த வேலை எடுத்துச் செய்யப்பட்டது. ஆனால் அதற்குச் செலவு பல மடங்கு, பழுது வந்தால் இடம் கண்டுபிடிப்பதும் கடினம். ஒரே மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது. எந்த ஊருக்கு எது என்று புயலுக்கு முன்பே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். புயல் அடித்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

கடல் சூழ்ந்தால்தான் தீவா?

டித்வா புயலின்போது இலங்கையின் மலைநாட்டில் சாலைகள் மண்ணுக்குள் போயின, பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. மலைமேல் இருந்த ஊர்கள் கடல் இல்லாமலே தீவாகிவிட்டன. கஜா புயலில் மரங்கள் விழுந்து வழி அடைத்த நம் டெல்டா கிராமங்களும் சில நாட்கள் தீவுகள்தான். வழி அறுந்தால் எந்த ஊரும் தீவுதான், நம் ஊரும்கூட.

உங்களுக்கு இரண்டு வேலைகள் தருகிறேன். ஒன்று: அறுந்து கிடக்கும் கம்பியின் பக்கத்தில் போகாதீர்கள், கரண்ட் இல்லாத நேரத்திலும்தான். யாராவது வீட்டு ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால், அந்தக் கரண்ட் வெளிக் கம்பிக்குப் போய், கம்பத்தில் வேலை செய்கிறவரின் உயிரையே எடுத்துவிடும். வீட்டில் ஜெனரேட்டர் இருந்தால், எலக்ட்ரீசியன்தான் அதை இணைத்தாரா என்று அப்பா அம்மாவிடம் கேளுங்கள்.

இரண்டு: உங்கள் தெருவில் கடைசிக் கம்பம் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அதற்கு அப்பால் ஒரு வீடு இருக்கும். அங்கே யார் இருக்கிறார்கள், பாட்டி தனியாக இருக்கிறாரா, கைக்குழந்தை இருக்கிறதா என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கரண்ட் போகும்போது, "ஓ" என்று கத்திவிட்டு, ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, பெரியவர் ஒருவரோடு அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். மின்வாரியத்தின் வரிசையில் கடைசியாக இருக்கும் அந்த வீடு, உங்கள் வரிசையிலாவது முதலில் இருக்கட்டும்.