நாணத்தின் விலை

கண்ணில் நோய் வந்தால் கண் மருத்துவரைத் தேடுகிறோம். பல்லில் வலி வந்தால் பல் மருத்துவரிடம் ஓடுகிறோம். பெண்ணின் பிறப்புறுப்பில் தோல்நோய் வந்தால்? அவள் வாய் மூடுகிறது. வீட்டுக் கதவு மூடுகிறது. ஊர் மட்டும் வாய் திறக்கிறது! "மேகநோய்" என்கிறார் ஒருவர். "முற்பிறவிப் பாவம்" என்கிறார் இன்னொருவர்.

தோழர்களே! அந்த நோய்க்குப் பெயர் உண்டு. லைக்கன் ஸ்கிளிரோசஸ். 1887-இல், நமது புதுவை பிரெஞ்சுக்காரர் பிடியில் இருந்த நாளில், பிரெஞ்சு மருத்துவர் ஹலப்போ ஏட்டில் எழுதி வைத்த நோய். பெண்குறியின் புறத்தோல் வெளுக்கும், மெலியும், வெடிக்கும். அரிப்பு இரவில் உறங்கவிடாது. கவனியாது விட்டால் தோல் ஒட்டிச் சுருங்கி வாயில் குறுகும். தொற்றும் நோய் அன்று. ஒழுக்கக்கேட்டின் விளைவும் அன்று. உடலின் காவற்படையே தன் தோலைப் பகையெனக் கருதித் தாக்குவதால் வருவது என்பதே மருத்துவ உலகின் கருத்து. மூதாட்டிக்கும் வரும், மணமான இளம்பெண்ணுக்கும் வரும், பூப்பெய்தாத சிறுமிக்கும் வரும். பாவம் என்று பழிப்போரே, ஆறு வயதுச் சிறுமி செய்த பாவம் யாது? சொல்லுங்கள்!

வில்லியனூர்க் கோயில் குளத்தில் நீராடி மன்னன் ஒருவனின் தோல்நோய் தீர்ந்ததாகத் தலக்கதை கூறுகிறது. நோய் தீர்ந்ததோ இல்லையோ, ஒன்றைக் கவனியுங்கள். மன்னனுக்குத் தோல்நோய் வந்தால் தலபுராணம்! மருமகளுக்கு வந்தால் தலைகுனிவு! அதே வில்லியனூரிலும் பாகூரிலும் அவள் வேப்பிலை நீரையும் மஞ்சளையும் நம்பிக் காலம் கழிக்க வேண்டும். அல்லது மருந்துக்கடையில் பெயர் தெரியாத படைக்களிம்பு வாங்கிப் பூச வேண்டும். இதற்குப் பெயர் கற்பாம், நாணமாம்!

இந்த நிலையில் அவள் தாயாக விரும்பினால், அச்சம் ஆயிரமாகப் பெருகுகிறது. "கரு தங்காது", "அறுத்துத்தான் எடுக்க வேண்டும்" என்று வரிசையாகப் பயமுறுத்துகிறார்கள். உண்மை என்ன? இது புறத்தோலின் நோய், கருப்பையைத் தொடுவதில்லை. உறவின்போது வலி இருக்கலாம். அதற்கும் மருத்துவம் உண்டு. இந்த நோய் ஒன்றையே காரணமாக்கி அறுவை செய்ய வேண்டியதில்லை. இயல்பான மகப்பேறு பெரும்பாலோர்க்குக் கைகூடுகிறது.

மருந்து எது? 0.05 விழுக்காடு க்ளோபெட்டசால் களிம்பு. ஒரு மாதம் நாள்தோறும் இரவில். மறு மாதம் ஒன்றுவிட்டு ஒருநாள். மூன்றாம் மாதம் வாரம் இருமுறை. பின்னர் மருத்துவர் சொல்லும் அளவில். மூன்று மாதத்துக்கு 30 கிராம் போதும். "ஸ்டீராய்டா? கருவைக் கெடுக்குமே!" என்று அலறுகிறார்கள். மருத்துவர் வகுத்த இந்தச் சிறு அளவைக் கருவுற்ற காலத்திலும் தடவலாம். கெடுப்பது களிம்பன்று, கைவிடுவது! ஆஸ்திரேலியாவில் 507 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. ஒழுங்காக மருந்திட்ட 357 பேரில் ஒருவருக்கும் அவ்விடத்தில் புற்றுநோயோ அதன் முன்னோடியோ வரவில்லை. ஒழுங்கின்றி இட்ட 150 பேரில் 7 பேருக்கு வந்தது. நாணத்தின் விலை புரிகிறதா?

பழைய மடமை ஒருபுறம். புதிய மயக்கம் மறுபுறம். "லேசர் ஒளி பாய்ச்சுகிறோம், உங்கள் குருதியிலிருந்தே தட்டணுச் சாறு எடுத்து ஊசி போடுகிறோம், குழந்தை பெறுமுன் தோலைப் புதுப்பிக்கிறோம்" என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. பகுத்தறிவாளன் கோயில் குளத்திடம் எதைக் கேட்டானோ, அதையே இயந்திரத்திடமும் கேட்க வேண்டும்: சான்று எங்கே? தட்டணுச் சாற்றைப் போலி ஊசியோடு ஒப்பிட்டார்கள். 2019-இல் முடிவு வந்தது. போலியை அது வெல்லவில்லை. லேசரைப் போலி லேசரோடு ஒப்பிட்டார்கள், 2021-இல் முடிவு வந்தது, அதுவும் வெல்லவில்லை. பெண்ணுறுப்பைப் 'புதுப்பிக்கும்' கருவிகளால் தீக்காயமும் தழும்பும் நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-இலேயே எச்சரித்தது.

புதியது யாவும் பொய் என்று சொல்லவில்லை. ருக்ஸோலிட்டினிப் போன்ற புதுக் களிம்புகள் ஆய்வில் உள்ளன, வெல்லட்டும், வரவேற்போம்! ஆனால் கருவுக்கு அவை தீங்கற்றவை என்று மெய்ப்பிக்கப்படும் வரை, தாயாகப் போகிறவள் மீது சோதிப்பானேன்? வேறு மருந்துகளின் கதையையும் கேளுங்கள். சிலருக்குத் தரப்படும் அசிட்ரெட்டின் மாத்திரையை நிறுத்திய பின்னும் மூன்றாண்டு கருத்தரிக்கக் கூடாது. மெத்தோட்ரெக்ஸேட்டையும் கருவுறுமுன் நிறுத்தியாக வேண்டும். ஆகவே, மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய சொல்: "நான் குழந்தை பெற எண்ணுகிறேன்."

இன்னொன்று. பிள்ளை வேண்டும் என்பதற்காக மட்டும் அவள் நோயைக் கவனிக்கும் குடும்பம், பயிருக்காக நிலத்தைக் கவனிப்பது போன்றது. பெண் நிலமல்ல! பிள்ளை பெறுவாளோ மாட்டாளோ, அரிப்பின்றி உறங்க அவளுக்கு உரிமை உண்டு. பெறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையும் அவளுக்கே உண்டு.

படிப்பகத் தோழர்களே! மேடையில் பெண்ணுரிமை முழங்கிவிட்டு வீட்டில் வாய்மூடி இருப்பது எந்தப் பகுத்தறிவு? ஆசிரியத் தோழர்களே! உறுப்புகளைப் பற்றிய பாடம் வந்ததும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டுவது எந்தக் கல்வி? கணவன்மாரே! பாகூரிலிருந்து கோரிமேட்டு ஜிப்மருக்குப் பேருந்து ஏற வெட்கம் எதற்கு? உறுப்பின் பெயரைச் சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். துணையாகச் செல்லுங்கள்.

தோல் வெளுப்பது இயற்கையின் குற்றம். அதை மறைக்கச் சொல்வது நமது குற்றம். முன்னதற்கு மருந்து உண்டு. பின்னதற்கு நாம்தான் மருந்து!